எஸ்சிசிஎம்: பைலட்டுக்குப் போகவேண்டிய ஜாவா எல்லா சர்வருக்கும் போய்விட்டால்? நிறுத்துவதும் மீட்பதும்

கடைசிபேக்கப்:

பொத்தாம்பொதுவான பதில் வரக்கூடாது என்பதற்காக நிலைமையை எண்களோடு வைக்கிறேன்.

ஆரக்கிள் ஜாவா 8-இன் புதிய அப்டேட். எஸ்சிசிஎம்மில் (நிறுவனக் கணினிகளுக்கு மொத்தமாக மென்பொருள் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் கருவி) 'அப்ளிகேஷன்' வகை. 30 டெஸ்க்டாப் உள்ள பைலட் (சோதனைக் குழு) கலெக்‌ஷனுக்குப் போகவேண்டியது, எல்லாக் கணினிகளும் அடங்கிய ஆல் சிஸ்டம்ஸ் கலெக்‌ஷனுக்குப் போய்விட்டது. ரெக்வயர்ட் (கட்டாய நிறுவல்), டெட்லைன் 'உடனே'. சர்வர் 480, பயனர் கணினி 3,000 சொச்சம். நிறுவல் கட்டளையில் பழைய ஜேஆர்இ-க்களை (ஜாவா நிரல்களை ஓட்டும் தொகுப்பு) நீக்கும் சுவிட்சும் சேர்ந்திருக்கிறது. ஆள் கவனிப்பது 25-வது நிமிடத்தில்.

முதல் பத்து நிமிடத்தில் எதை, எந்த வரிசையில் செய்வது? அதன் பிறகு பழைய ஜாவாவை எப்படிக் கொண்டுவருவது? "அன்இன்ஸ்டால் அனுப்பிவிடு" என்பதைத் தாண்டிய பதில் வேண்டும்.

பாலிசி_பாண்டி:

கணக்கிலிருந்து தொடங்குவோம். கிளையன்ட் (ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் எஸ்சிசிஎம் நிரல்) பாலிசி, அதாவது என்ன செய்யவேண்டும் என்ற உத்தரவு, கேட்கும் இடைவெளி இயல்பாக 60 நிமிடம். எல்லாம் ஒரே நொடியில் கேட்பதில்லை, மணி நேரம் முழுக்கப் பரவியிருக்கும். 480 சர்வர் என்றால் நிமிடத்துக்கு 8. ஆக 25-வது நிமிடத்தில் ஏறத்தாழ 200 சர்வருக்குப் பாலிசி போய்ச் சேர்ந்திருக்கும். மீதி 280-ஐக் காப்பாற்றலாம். யாராவது ஆர்வக்கோளாறில் 'டவுன்லோட் கம்ப்யூட்டர் பாலிசி' நோட்டிஃபிகேஷனை அழுத்தியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

எல்லோருக்கும் கை முதலில் போகும் இடம் 'டிப்ளாய்மென்ட்டை (அனுப்பும் உத்தரவை) டிலீட் செய்'. அது மூன்றாவது வேலை. காரணம் இரண்டு. டிலீட் செய்த தகவல் கிளையன்ட்டுக்குத் தெரிய அதற்கும் ஒரு பாலிசி சுற்று வேண்டும். டிலீட் செய்த கையோடு, யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்ற நிலவரமும் கன்சோலிலிருந்து போய்விடும். நாளைக்கு மீட்பு வேலையே அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

என் வரிசை இது:

1. டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட்களில் (நிறுவல் கோப்புகளைக் கொடுக்கும் சர்வர்கள்) ஐஐஎஸ்-ஐ (விண்டோஸ் வெப் சர்வர்) நிறுத்துங்கள். பாலிசி வாங்கிய கிளையன்ட்டுக்கும் கோப்பு கிடைக்காது. இது அந்த நொடியே பலிக்கும்.
2. மானிட்டரிங் பக்கத்தில் அந்த டிப்ளாய்மென்ட்டின் நிலவரத்தை வெற்றி, நடப்பில், பிழை, தேவை பூர்த்தியாகவில்லை, தெரியவில்லை என்ற ஐந்து பட்டியலாகவும் எடுத்துச் சேமியுங்கள். இரண்டு மூன்று நிமிட வேலை.
3. இப்போது டிலீட்.
4. ஆல் சிஸ்டம்ஸ் மேல் 'டவுன்லோட் கம்ப்யூட்டர் பாலிசி' நோட்டிஃபிகேஷன். 10123 போர்ட் திறந்திருக்கும் எல்லாக் கிளையன்ட்டும் 60 நிமிடம் காத்திராமல் ரத்து பாலிசியை வாங்கிக்கொள்ளும்.

முதல் படியை விட்டுவிட்டு நான்காவதை முதலில் செய்தால் இன்னும் பாலிசி வாங்காத 280-க்கும் நீங்களே கூப்பிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

நடுநிசி_ஷிப்ட்:

முதல் படியில் ஒரு பள்ளம் இருக்கிறது. சின்ன சைட்டில் டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட்டும் மேனேஜ்மென்ட் பாயின்ட்டும் (பாலிசி கொடுக்கும் சர்வர்) ஒரே பெட்டியில், ஒரே ஐஐஎஸ்ஸில் இருக்கும். அங்கே ஐஐஎஸ்-ஐ நிறுத்தினால் ரத்து பாலிசி போகும் வழியும் அடைபடும்.

அப்படிப்பட்ட இடத்தில் சர்வீஸைத் தொடாதீர்கள். ஐஐஎஸ் மேனேஜரில் 'எஸ்எம்எஸ்_டிபி_எஸ்எம்எஸ்பிகேஜி$' என்ற விர்ச்சுவல் டைரக்டரியில் மட்டும் அனானிமஸ், விண்டோஸ் இரண்டு ஆதென்டிகேஷனையும் அணையுங்கள். கிளையன்ட்டுக்கு 401 (அனுமதி இல்லை) பிழை கிடைக்கும். பெயருக்கு முன்னால் 'நோசெர்ட்' என்று வைத்து அதே பெயரில் இன்னொன்று இருக்கும், அதையும் சேர்த்து.

பியர் கேஷ், பிராஞ்ச் கேஷ் ஓடுகிற இடமா? பக்கத்துக் கணினியிடமிருந்து கோப்பை வாங்கிக்கொள்வார்கள். ஜாவா நிறுவி நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும் சமாச்சாரம், நொடிகளில் இறங்கிவிடும். அதனால் முதல் படி முழு அணை இல்லை, பாதி அணை.

தெற்குவாசல்:

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எஸ்சிசிஎம் சர்வரையே நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிவிட்டால் முடிந்ததே.

பாலிசி_பாண்டி:

முடியாது. பாலிசியும் வாங்கி, கோப்பும் கேஷில் வைத்திருக்கும் கிளையன்ட், தலைமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவும். நிறுத்து என்று சொல்லத்தான் தலைமை தேவை.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி: ஓஎஸ் டாஸ்க் சீக்வென்ஸ் (ஓஎஸ்-ஐயே புதிதாக நிறுவும் வேலை வரிசை) தவறிப்போனால். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 இமேஜ் எல்லா விண்டோஸ் கணினிக்கும் போனது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் எதையும் விடவில்லை. தெரிந்து நிறுத்தப் போவதற்குள் எஸ்சிசிஎம் சர்வரே தன் டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்துகொண்டிருந்தது. டிஸ்க்கை அழிக்கும் வேலை என்றால் ஐஐஎஸ், பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாக பூட் ஆவது) எல்லாவற்றையும் அணைத்து, முடிந்தால் சர்வர் விலேனையே (சர்வர்களின் நெட்வொர்க் பிரிவு) ஸ்விட்சில் மூடுங்கள். பட்டியல், நிலவரம் எல்லாம் அப்புறம்.

ஜாவா டிஸ்க்கை அழிக்காது. அதனால்தான் பட்டியலுக்கு இரண்டு நிமிடம் செலவழிக்க முடிகிறது.

நடுநிசி_ஷிப்ட்:

முக்கியமான சர்வர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பேமென்ட், டொமைன் கன்ட்ரோலர் (லாகின் சரிபார்க்கும் சர்வர்), டேட்டாபேஸ் என்று ஐம்பதோ அறுபதோ பெயர் முன்கூட்டியே ஒரு கோப்பில் இருந்தால், இன்னொரு ஆள் அதே நேரத்தில் ரிமோட்டாக 'சிசிஎம்எக்ஸெக்' (எஸ்சிசிஎம் கிளையன்ட்) சர்வீஸை நிறுத்திக்கொண்டே போகலாம். அதில் கவனிக்கவேண்டியவை:

நிறுவல் நடந்துகொண்டிருக்கும்போது எம்எஸ்ஐஎக்ஸெக் (விண்டோஸ் நிறுவி) ப்ராசஸைக் கொல்லாதீர்கள். பாதி ரெஜிஸ்ட்ரி, பாதி கோப்பு என்று நின்றுவிட்டால் அதன் பிறகு நிறுவவும் முடியாது, நீக்கவும் முடியாது, 1603 பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ஓடுவது ஓடி முடியட்டும்.

சர்வீஸை நிறுத்தினால் மட்டும் போதாது, ஸ்டார்ட்அப்பை டிஸேபிள் செய்தாலும் போதாது. 'சிசிஎம்இவால்' என்று ஒரு தினசரி ஷெட்யூல்டு டாஸ்க் நள்ளிரவு 12-க்குப் பிறகு ஓடி, கிளையன்ட் நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்று நினைத்துச் சர்வீஸை மறுபடி எழுப்பிவிடும். சாயங்காலம் நிறுத்தியது காலையில் ஜாவாவோடு நிற்பது இதனால்தான். அந்த டாஸ்க்கையும் அணையுங்கள், அல்லது ரெஜிஸ்ட்ரியில் சிசிஎம்இவாலின் 'நோட்டிஃபைஒன்லி' மதிப்பை 'ட்ரூ' ஆக்குங்கள்.

நிறுவல் 3010 (ரீபூட் தேவை என்ற எண்) திருப்பியிருந்தால் ரீபூட் கவுன்ட்டவுன் ஓடும், இயல்பு 90 நிமிடம். அது எஸ்சிசிஎம் கிளையன்ட்டின் கடிகாரம், ஷட்டவுன் கட்டளையின் ரத்து சுவிட்ச் அதற்குச் செல்லாது. சர்வீஸை நிறுத்தி, 'ரீபூட் மேனேஜ்மென்ட்' கீயின் கீழுள்ள 'ரீபூட்டேட்டா'வை நீக்கினால்தான் நிற்கும்.

கடைசிபேக்கப்:

நிறுத்துவது புரிந்துவிட்டது. சுமார் 200 சர்வரில் புது ஜாவா உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே கலெக்‌ஷனுக்கு அன்இன்ஸ்டால் டிப்ளாய்மென்ட் போட்டால்?

வேர்_தேடி:

அதுதான் இரண்டாவது விபத்து. பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரியது.

அந்த 200-இல் குறைந்தது நான்கு சாதி இருக்கும். முன்பு ஜாவாவே இல்லாதவை. பழைய அப்டேட் ஒன்று இருந்து, நீக்கும் சுவிட்ச் அதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தவை. இதே புதிய அப்டேட் ஏற்கெனவே முறையாக இருந்தவை. கடைசியாக, அப்ளிகேஷன் தன் ஃபோல்டருக்குள்ளேயே சொந்த ஜேஆர்இ வைத்திருப்பவை. மொத்தமாக அன்இன்ஸ்டால் அனுப்பினால் முதல் வகைக்கு மட்டும் வைத்தியம். இரண்டாவதுக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மூன்றாவது வகை நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்ததாகும்.

வகை பிரிக்க எஸ்சிசிஎம் டேட்டாபேஸே கை கொடுக்கும். ஹார்டுவேர் இன்வென்ட்டரி (கணினியில் என்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பு) இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறைதான். ஆக, விபத்து நடந்த நேரத்தில் டேட்டாபேஸில் இருப்பது பெரும்பாலான சர்வருக்கு விபத்துக்கு முந்தைய படம். 'ஆட் ரிமூவ் ப்ரோகிராம்ஸ்' (நிறுவிய மென்பொருள் பட்டியல்) வியூக்கள் இரண்டு உண்டு, 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. இரண்டையும் அப்படியே வேறு டேபிளுக்கு நகலெடுங்கள். இதை முதல் நாளே செய்யுங்கள். அடுத்த இன்வென்ட்டரி வந்தால் நடப்பு வியூவில் புதிய ஜாவா ஏறிவிடும். பிறகு ஹிஸ்டரி வியூவில் தேடவேண்டியதுதான், அதுவும் இயல்பாக 90 நாள்தான் நிற்கும்.

நகலில் டைம்ஸ்டாம்ப் பார்த்து, டிப்ளாய்மென்ட் உருவான நேரத்துக்கு முந்தைய பதிவை மட்டும் எடுங்கள். அந்த நேரமும், உருவாக்கிய கணக்கின் பெயரும் ஸ்டேட்டஸ் மெசேஜில் 30226 என்ற எண்ணில் இருக்கும்.

அன்இன்ஸ்டால் போடுவதற்கு முன் இன்னும் இரண்டு சங்கதி. ஒரே இயந்திரத்துக்கு இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் இரண்டும் குறிவைத்திருந்தால் இன்ஸ்டால்தான் ஜெயிக்கும். பழைய டிப்ளாய்மென்ட் எங்காவது உயிரோடு இருந்தால் உங்கள் அன்இன்ஸ்டால் சும்மா நிற்கும். அடுத்தது, ரெக்வயர்ட் அப்ளிகேஷனை 7 நாளுக்கு ஒருமுறை கிளையன்ட் மறுபரிசோதனை செய்யும். கையால் நீக்கினீர்கள், ரத்து பாலிசி அந்தச் சர்வருக்குப் போகவில்லை என்றால், அடுத்த வாரம் ஜாவா தானாகத் திரும்பி வந்து உட்காரும்.

தெற்குவாசல்:

நைட் கேப்பிட்டல் (அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம்) கதைதான் நினைவுக்கு வருகிறது. 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வரில் ஏழுக்கு மட்டும் புது கோட் போயிருந்தது, எட்டாவதில் பழைய 'பவர் பெக்' (பயன்பாட்டில் இல்லாத கோட்) விழித்துக்கொண்டது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழிலிருந்தும் புது கோடை நீக்கினார்கள். அதன்பின் எட்டும் பழையதை ஓட்டின. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். எந்தச் சர்வர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் பின்னால் போவதும் ஒரு டிப்ளாய்மென்ட்தான்.

ஜேவிஎம்_காவலன்:

இரண்டாவது வகைதான் உண்மையான தலைவலி. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், சேதம் உடனே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) கோப்பைப் பிடித்து வைத்திருக்கும். நிறுவி அதை நீக்க முடியாமல், 'அடுத்த ரீபூட்டில் நீக்கு' என்று எழுதி வைத்துவிட்டுப் போகும். மானிட்டரிங் எல்லாம் பச்சை. மாதாந்திர பேட்ச் இரவில் ரீபூட் ஆகும்போதுதான் பழைய ஃபோல்டர் காணாமல் போகும், சர்வீஸ் எழாது. அன்றைக்கு எல்லோரும் பேட்ச்சைத் திட்டுவார்கள். ஆகவே 'சக்சஸ்' பட்டியலில் உள்ள ஒவ்வொரு சர்வரிலும் செஷன் மேனேஜர் கீயில் 'பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' மதிப்பைப் படியுங்கள். அதில் ஜாவா பாதை தென்படும் சர்வர்களை ரீபூட் தடைப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பழைய ஃபோல்டரில் மிச்சம் இருப்பதை, ரீபூட்டுக்கு முன் வேறிடத்துக்கு நகலெடுங்கள். மிக முக்கியமாக 'லிப்' கீழே 'செக்யூரிட்டி' ஃபோல்டரில் உள்ள 'கேசெர்ட்ஸ்' (ஜாவா நம்பும் சான்றிதழ்களின் கோப்பு).

கேசெர்ட்ஸ் ஏன்? நிறுவனத்தின் உள் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழை யாரோ எப்போதோ அதற்குள் ஏற்றியிருப்பார்கள், எந்த ஆவணத்திலும் இருக்காது. புதிய ஜேஆர்இ புதிய கேசெர்ட்ஸோடு வரும். உடனே எல்டாப் (பயனர் பட்டியல் தேடல்), உள் ஏபிஐ அழைப்பு எல்லாம் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்று விழும். பழைய ஜாவாவைத் திரும்ப நிறுவினாலும் இது தீராது, ஏனென்றால் அதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்த கேசெர்ட்ஸோடுதான் நிறுவப்படும். பேக்கப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் மீட்டெடுங்கள். பேக்கப் இல்லையென்றால் கீடூல் (ஜாவாவின் சான்றிதழ்க் கருவி) கொண்டு சான்றிதழை மறுபடி ஏற்றவேண்டும். கடவுச்சொல் யாரும் மாற்றியிருக்காவிட்டால் 'சேஞ்ச்இட்' தான்.

பாத் (நிரலை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்) மாறியிருக்கும். ஆரக்கிள் நிறுவி 'காமன் ஃபைல்ஸ்' கீழே உள்ள 'ஜாவாபாத்' ஃபோல்டரை சிஸ்டம் பாத்தின் முன்னால் செருகும். நான்காவது வகை சர்வர்களை "சொந்த ஜேஆர்இ இருக்கிறது, பாதிப்பில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் முழுப் பாதை கொடுக்காமல் வெறும் 'ஜாவா' என்று கூப்பிட்டால் இப்போது வேறு ஜாவா ஓடும். 'ஜாவா ஹோம்' மாறியைக் கையால் வைத்த இடங்களில் அது இல்லாத ஃபோல்டரைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் நெறிமுறை) இன்னொன்று. 2021 ஏப்ரலில் வந்த 8யு291 (ஜாவா 8, அப்டேட் 291) முதல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இயல்பாக முடக்கம். அதற்கு முந்தைய அப்டேட்டிலிருந்து தாவியவை பழைய எஸ்க்யூஎல் சர்வரோடு ஹேண்ட்ஷேக்கிலேயே முறிந்துகொள்ளும். 'ஜாவா.செக்யூரிட்டி' கோப்பில் முடக்கப் பட்டியலைத் திருத்தினால் ஓடும், ஆனால் 200 சர்வரில் அப்படித் திருத்தினால் அது நிரந்தரமாகிவிடும். பழைய அப்டேட்டையே திரும்ப நிறுவுவது மேல்.

அந்தப் பழைய நிறுவி எங்கே? சி டிரைவில் விண்டோஸ் கீழுள்ள இன்ஸ்டாலர் ஃபோல்டரில் இருந்த நகல் அன்இன்ஸ்டாலோடு போயிருக்கும். முதலில் உங்கள் சோர்ஸ் ஷேரில் தேடுங்கள், பிறகு பாதிக்கப்படாத 280-இல் ஏதாவது ஒன்றின் சிசிஎம்கேஷில் (கிளையன்ட் இறக்கிய கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்). ஆரக்கிள் ஆர்க்கைவ் கடைசி வழி, அதற்குக் கணக்கு வேண்டும்.

கடைசிபேக்கப்:

விஎம் ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் சர்வரின் பழைய நிலைப் பதிவு) இருந்தால் இவ்வளவும் வேண்டாமே? பின்னால் போனால் கேசெர்ட்ஸ், பாத் எல்லாம் தானாக வந்துவிடும்.

வேர்_தேடி:

டேட்டா எதுவும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத அப்ளிகேஷன் சர்வருக்கு, ஆமாம், அதுதான் வேகமான வழி. மற்றவற்றுக்கு யோசிக்கவேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரைப் பின்னால் தள்ளினால் அந்த நேரத்திலிருந்து நடந்த எல்லாப் பரிவர்த்தனையும் போச்சு. ஒரு ஜேஆர்இ-க்காக அரை நாள் ஆர்டரை இழக்க எந்த மேலாளரும் ஒப்பமாட்டார். டொமைன் கன்ட்ரோலரில் ஸ்னாப்ஷாட்டே வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஹைப்பர்வைசரும் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) அதை ஆதரிக்கவேண்டும். இல்லாவிட்டால் யுஎஸ்என் ரோல்பேக் (மாற்ற எண்கள் பின்னால் போவது), ரெப்ளிகேஷன் சத்தமில்லாமல் நின்றுபோகும். டொமைன் கன்ட்ரோலரில் ஜாவாவுக்கு வேலையே இல்லை, அன்இன்ஸ்டால் போதும்.

ஸ்னாப்ஷாட் பழையதாக இருந்தால் இயந்திரக் கணக்கின் கடவுச்சொல் பிரச்சினையும் வரும். அது 30 நாளுக்கு ஒருமுறை மாறும். இடையில் மாறியிருந்தால் டொமைனோடு உறவு முறிந்திருக்கும். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' கட்டளையை 'ரிப்பேர்' சுவிட்சோடு ஓட்டினால் சரியாகும், ஆனால் அதற்கு லோக்கல் அட்மின் கடவுச்சொல் கையில் இருக்கவேண்டும்.

வேறு வழியே இல்லாத வகையும் உண்டு. 2024 நவம்பரில் மூன்றாம் தரப்பு பேட்ச் கருவிகள் வழியாகச் சில நிறுவனங்களில் சர்வர் 2022 ஒரே இரவில் சர்வர் 2025 ஆனது. அன்இன்ஸ்டாலும் இல்லை, புதிய லைசென்ஸும் கையில் இல்லை. அங்கே பேக்கப் மட்டுமே பதில்.

லைசென்ஸ்_லெட்ஜர்:

யாரும் தொடாத விஷயம். 2023 ஜனவரி முதல் ஆரக்கிள் விற்கும் ஜாவா சந்தா, நிறுவிய சர்வர் எண்ணிக்கையை வைத்து அல்ல, ஊழியர் எண்ணிக்கையை வைத்து. பகுதிநேர ஆட்களும் ஒப்பந்த ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. பைலட்டுக்கு வைத்திருந்த ஏற்பாடு 3,500 இயந்திரத்துக்குச் செல்லுமா என்பதை ஐடி ஆள் முடிவு செய்யவேண்டாம். 30226 மெசேஜ், வெற்றிப் பட்டியல், ஒவ்வொரு இயந்திரத்திலும் நீக்கிய நேரம் மூன்றையும் கோப்பாக்கி சட்டப் பிரிவிடம் கொடுங்கள். நீங்களே ஆரக்கிளுக்கு மெயில் தட்டாதீர்கள்.

பென்குயின்:

விண்டோஸ் ஆட்கள் மட்டும் கஷ்டப்படுவதாக எண்ணவேண்டாம். ஆன்சிபிளில் (சர்வர்களை மொத்தமாக நிர்வகிக்கும் கருவி) 'ஹோஸ்ட்ஸ்: ஆல்' என்று எழுதி 'லிமிட்' சுவிட்சை மறந்தால் இதே கதைதான். ரெட் ஹாட் பக்கம் டிஎன்எஃப் (பேக்கேஜ் மேலாளர்) ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து 'அன்டூ' கொடுக்கலாம், பழைய பேக்கேஜ் ரெப்போவில் இன்னும் இருந்தால் மட்டும். கான்ஃபிக் கோப்பு தானாகத் திரும்பாது, 'ஆர்பிஎம்சேவ்', 'ஆர்பிஎம்நியூ' என்று முடியும் கோப்புகளைத் தேடிப் பாருங்கள். டெபியன், உபுண்டுவின் பழைய பதிப்புகளில் அன்டூவே கிடையாது. ஏபிடி ஹிஸ்டரி லாக்கைப் படித்துப் பழைய பதிப்பு எண்ணைக் கையால் கொடுத்து நிறுவி 'ஹோல்ட்' போடவேண்டும்.

பிளேபுக்கில் 'சீரியல்' முதலில் 1, பிறகு 10 சதவீதம், 'மேக்ஸ் ஃபெயில் பெர்சென்டேஜ்' 0 என்று வைத்தால் முதல் சர்வர் விழுந்ததும் நிற்கும்.

தெற்குவாசல்:

எஸ்சிசிஎம்மில் பெரிய கலெக்‌ஷனுக்கு அனுப்பினால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதே, சைட் ப்ராப்பர்ட்டீஸில் 'டிப்ளாய்மென்ட் வெரிஃபிகேஷன்'. அது ஏன் இங்கே தடுக்காது?

பாலிசி_பாண்டி:

அது அதிக ஆபத்து என்று கருதும் டாஸ்க் சீக்வென்ஸ்களுக்குத்தான். 100 உறுப்பினருக்கு மேற்பட்ட கலெக்‌ஷனை மறைப்பது, சைட் சர்வர் உள்ள கலெக்‌ஷனைத் தடுப்பது எல்லாம் அங்கே. சாதாரண அப்ளிகேஷனை அது கண்டுகொள்ளாது.

இதைத் தடுப்பது அனுமதி. அப்ளிகேஷன் அனுப்பும் ஆட்களின் கணக்கிலிருந்து ஆல் சிஸ்டம்ஸையே எடுத்துவிட்டு, டெஸ்க்டாப் கலெக்‌ஷன் ஒன்றை மட்டும் கொடுங்கள். கண்ணில் படாததைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்து மெயின்டனன்ஸ் விண்டோ (நிறுவலுக்கு அனுமதித்த நேரம்). விண்டோ எதுவும் இல்லாத சர்வர் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. விண்டோ இல்லையென்றால் எந்நேரமும் நிறுவலாம் என்றே கிளையன்ட் எடுத்துக்கொள்ளும். தொடவே கூடாத சர்வருக்குப் பல வருடம் தள்ளி ஒரே ஒரு முறை வரும் விண்டோ ஒன்றை வையுங்கள். டிப்ளாய்மென்ட்டில் 'விண்டோவுக்கு வெளியிலும் நிறுவு' என்ற பெட்டியை டிக் செய்தால் இதுவும் உடையும், அது வேறு.

கடைசிபேக்கப்:

சரி, மீட்புத் திட்டம் இப்படி நிற்கிறது. முதல் வகைக்குத் தனி கலெக்‌ஷன், அன்இன்ஸ்டால். இரண்டாவது வகைக்குப் பழைய அப்டேட் எண்ணுக்கு ஒரு கலெக்‌ஷன். நீக்கு, பழையதை நிறுவு, கேசெர்ட்ஸை வை, பாத்தைத் திருத்து, சர்வீஸை எழுப்பு என்று ஒரே ஸ்கிரிப்ட். மூன்றாவதைத் தொடுவதில்லை. நான்காவதில் அன்இன்ஸ்டாலோடு பாத் மட்டும். ஒவ்வொன்றிலும் முதலில் 5 சர்வர், ரீபூட் செய்து, 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தும் நின்றுகிடக்கும் சர்வீஸ் எது என்று பார்த்த பிறகே மீதி. டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட்டை இப்போது திறந்துவிடலாமா? பழைய ஜாவா இறங்கவேண்டுமே.

நடுநிசி_ஷிப்ட்:

ஒரு நிமிடம். திறப்பதற்கு முன் அந்தத் தவறிய அப்ளிகேஷனின் கன்டென்ட்டை எல்லா டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட்டிலிருந்தும் நீக்குங்கள். பாலிசி வாங்கி, கோப்பு கிடைக்காமல் 401-இல் தொங்கியபடியே மூடி வைக்கப்பட்ட லேப்டாப்புகள் இருக்கும், அணைத்து வைத்த டிஆர் (பேரிடர் கால மாற்று) சர்வர்களும் இருக்கும். அவை எழுந்ததும் ரத்து பாலிசி முதலில் வருமா, விட்ட இடத்திலிருந்து டவுன்லோட் முதலில் தொடங்குமா என்பதில் உத்தரவாதம் இல்லை. டிஆர் சர்வர்களை எழுப்பும்போது முதல் ஒரு மணி நேரம் சிசிஎம்எக்ஸெக் டிஸேபிள் நிலையிலேயே இருக்கட்டும், பிறகு பாலிசி ஏஜென்ட் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுப்புங்கள்.